தம் ஒன்பது

கோகிலவாணியும் அவள் அப்பா காளியப்பனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு தாளில் எண்களை நிரப்பியது. நாமக்கல் வீட்டில், ஞாயிறு காலை, டீ ஆறுவதற்குள்.

அவள் பெங்களூரில் மென்பொருளில் பிழை தேடுகிறவள். விடுமுறை நாளில் நண்பர்களோடு பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு ஒன்று ஆடுவாள். அதில் ஒவ்வொரு வீரனுக்கும் பலம், வேகம், தாங்குசக்தி எல்லாம் மூன்று முதல் பதினெட்டு வரை எண்களில் இருக்கும். சாதாரண ஆளுக்குப் பத்து. இந்த முறை அவள் வீரன் அப்பாதான். ஜவ்வரிசி ஆலையில் இருபத்தேழு வருடமாக மூட்டை தூக்குகிறவர்.

"பலம் பதினேழு போடட்டுங்களாப்பா?"

"எந்தக் கைக்குச் சாமி? வலது தோளு காதுக்கு மேல போகாது. ஊறுகா பாட்டில் தெறக்க வராது. ஆனா தொண்ணூறு கிலோவ முதுகுல வெச்சா நிக்குது. அது பலமில்ல, வாகு. வாகுக்குக் கட்டம் இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்ன ஆட்டம்!"

"பயில்வானுக்குப் பாட்டில் தெறக்க நானு," என்றாள் அடுப்படியிலிருந்து அம்மா ராசாத்தி.

தாங்குசக்தி என்று சொன்னால் அவருக்குப் பிடிபடாதென்று, "தம் எவ்வளவு?" என்று கேட்டாள்.

"தம்மா? ஒம்போது போடு."

"ஒம்போதுன்னா மொதச் சண்டையிலயே செத்துருவீங்க."

"இருக்கறதத்தான சொல்லோணும்?"

தன்னடக்கம் என்று நினைத்துப் பதினாறு போட்டாள். அவர் ரப்பரை எடுத்து அழித்து ஒன்பது எழுதினார். அவள் அதை அழித்து மறுபடியும் பதினாறு போட்டாள். தாள் அந்த இடத்தில் நைந்துபோனது.

"செரி, உன்ர கணக்குலயாவது நல்லா இருக்கட்டும்," என்று டீயைக் குடித்தார்.

எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, ஆலையில் விழுந்தார். மூட்டையோடு அல்ல, வெறுங்கையோடு படியேறும்போது. ஆஸ்பத்திரி வரை உயிர் நிற்கவில்லை.

மூட்டை தூக்குகிறவர்கள் தம் கட்டித்தான் எழுவார்கள். அவர்களுக்குத் தம் என்றால் மூச்சு. அவள் ஒன்றைக் கேட்டாள். அவர் இன்னொன்றுக்கு உண்மையான பதில் சொன்னார். பிழை பிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள், அந்தத் தாளில் சரியாக இருந்த ஒரே எண்ணை அழித்துவிட்டாள்.

காரியம் முடிந்து அவர் சட்டைகளை மடித்தபோது, ஒரு சட்டைப் பையில் டாக்டர் சீட்டு இருந்தது. இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்லி எழுதியது. தேதி, அந்த ஞாயிற்றுக்கு முந்தைய வியாழன்.

கீழே பென்சிலில் அப்பாவின் எழுத்து: 'செவ்வாய் போகோணும்.' செவ்வாயை அடித்துவிட்டு, பக்கத்தில், 'அடுத்த செவ்வாய்.'