அடியில் வந்த உப்பு

கடல் நீர் ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் ஏறி வரும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது என் பிழைப்பு. பத்தொன்பது வருடமாக இதே வேலை. திரையில் ஆறு நீலமாக ஓடும், உப்பு சிவப்பாக ஏறும். வீட்டுக்கு யார் வந்தாலும், கேட்காவிட்டாலும் காட்டுவேன். "உப்புத் தண்ணி கனம். நல்ல தண்ணிக்கு அடியில புகுந்துதான் வரும்" என்று சொல்லி ஒருமுறை இருமிக்கொள்வேன். என் மனைவிக்கு இதெல்லாம் மனப்பாடம், இருமல் உட்பட.

இந்தக் கோடையில் ஆற்றில் நீர்வரத்து குறைந்தது. ஊருக்குக் குடிநீர் எடுக்கும் பம்ப்பை ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா என்று என்னைக் கேட்டார்கள். படகில் போய், உப்பு அளக்கும் கருவியை ஆற்றுக்குள் இறக்கினேன். இறக்கினேன் என்பது கொஞ்சம் ஜம்பம். எனக்கு நீச்சல் தெரியாது. ஒரு கையால் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கருவியை முழங்கை ஆழத்துக்கு நனைத்துவிட்டு, "போதும், திருப்புங்க" என்றேன். அந்த எண்கள் என் கணக்கோடு கனகச்சிதமாகப் பொருந்தின. 'பம்ப்பு தாராளமாக ஓடலாம்' என்று கையெழுத்துப் போட்டேன்.

நான்காம் நாள் காலை டீ கரித்தது.

"சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டியா?" என்றேன் மனைவியிடம்.

"தண்ணியே கரிக்குதுங்க. அம்மா ரெண்டு நாளா சொல்றாங்க. நீங்கதான் அவங்க நாக்குல கோளாறுன்னீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "உப்பு அடியிலதான வரும்? நீங்க எவ்வளவு ஆழத்துல அளந்தீங்க?"

முழங்கை ஆழத்தில். பம்ப்பின் குழாய் வாய் இருப்பது ஆற்றின் அடியில். எங்களோடு இருக்கும் அத்தைக்கு, மனைவியின் அம்மாவுக்கு, இரத்தக் கொதிப்பு. உப்பு ஆகவே ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். என் புண்ணியத்தில் இரண்டு நாளாகக் குடித்திருக்கிறார். போனை எடுத்தேன்.

"உடனே பம்ப்பை நிறுத்துங்க. தப்பு என்னோடது" என்றேன் பம்ப்பு ஆபரேட்டரிடம்.

பம்ப்பின் சத்தம் அடங்கிய பிறகு அவர் பேசினார். "முந்தாநாளே வாயில ஊத்திப் பாத்தேன் சார், கரிச்சுது. நிறுத்தத்தான் போனேன். உங்க கையெழுத்தைப் பாத்ததும், நம்ம நாக்குதான் சரியில்லன்னு ஓட விட்டுட்டேன்."

வெட்கமாக இருந்தது. ஆறிப்போன டீயை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். மனைவி தடுக்கவில்லை.