வலது காது

என் பிக்கப்புக்குப் பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியான டிஃப்ரென்ஷியலை மாற்றிக் கொடுத்த சாஆ ஊர் மெக்கானிக்கின் பெயரை நான் கேட்கவே இல்லை. ஒல்லியான ஆள். வலது காதில் மட்டும் துருவும் அழுக்கும் அப்பியிருந்தன. ஏன் என்று முதலில் புரியவில்லை.

பழைய டிஃப்ரென்ஷியல், செம்பனைத் தோட்டத்து இறக்கத்தில் திடீரென இறுகிப் போய், பின்சக்கரங்கள் சுழலாமல் வண்டி ஒரு லோரிக்கு முன்னால் குறுக்கே நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவே எனக்குத் தயக்கம்.

வேலை முடிந்ததும், "நீங்களே ஓட்டிப் பாத்துருங்கண்ணே," என்று சாவியை நீட்டினேன்.

"முன்னாடி உக்காந்தா டிஃப்ரென்ஷியல் சத்தம் எனக்குக் கேக்காது, தங்கச்சி. நீங்க ஓட்டுங்க," என்றவர், பின்னால் சரக்குத் தட்டில் ஏறிப் படுத்து, வலது காதைத் தகரத் தரையில் ஒட்டிவைத்துக்கொண்டார்.

அதே இறக்கம் வந்தது. பின்னாலேயே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்றும் வந்தது. இப்போது சக்கரம் இறுகினால் முதலில் நசுங்கப் போவது அவர்தான் என்று நினைத்ததும் கியரைக் குறைத்து மெதுவாக இறக்கினேன்.

பத்திரமாகத் திரும்பியதும் கேட்டேன்: "உங்களுக்குப் பயமே இல்லையாண்ணே?"

"அலமாக், பயம் இல்லாமலா? நட்டெல்லாம் மூணு தடவ முடுக்கிப் பாத்தேன். அப்பவும் நம்பிக்கை வரல. அதான் நானே படுத்துக்கிட்டேன் லா."

சொல்லிக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போடப் பார்த்தார். இரண்டு தடவை முயன்றும் அது மாட்டவே இல்லை.

வண்டி இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அந்த இறக்கம் வரும்போதெல்லாம் கண்ணாடியில் பின்னால் பார்க்கிறேன். அங்கே காதை வைத்துக் கேட்க யாரும் படுத்திருப்பதில்லை. அப்போதுதான் பயம் கூடுகிறது.