செல்லத்தாய் கம்பெனி

காசிமாயனுக்குச் சமயநல்லூரில் தார்ச்சாலையை ஒட்டி ஒரு கொட்டகை. லாரியோ கிணற்று மோட்டாரோ, எது வந்தாலும் முதலில் காதை வைத்துக் கேட்பார். பிறகுதான் கை வைப்பார். வண்டிக்காரன் சொல்வதை மட்டும் கேட்கவே மாட்டார். மனிதர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் அவரை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். எழுபத்தெட்டாம் வருஷம் புத்தி கெட்டுப்போய், சோழவரம் கார் பந்தயத்துக்காக என் பழைய ஃபியட்டில் சூப்பர்சார்ஜர் மாட்டினேன். இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி அது. வண்டி பறந்தது. கூடவே ஆயில் அளவு பார்க்கும் குச்சியும் பறந்து, பானெட்டுக்குள் எல்லாம் ஆயில். தரையில் ஒரு சொட்டு சிந்தினாலும் பந்தயத்தில் விடமாட்டார்கள்.

காசிமாயன் காதை வைத்தார். "காத்த இம்புட்டுத் திணிச்சிருக்கீக, ஏப்பம் விட வழி வச்சீகளா?" என்றார். படித்த எனக்கு அது தோன்றவில்லை; வெட்கமாக இருந்தது.

பிஸ்டன் ஓரமாகக் கசிந்து கீழே இறங்கும் காற்று வெளியேற ஒல்லியாக ஒரு குழாய் இருந்தது. அதைக் கழற்றிவிட்டுத் தடித்த ஹோஸ் போட்டார். காற்றோடு வரும் ஆயிலைப் பிடிக்க மூடி போட்ட பாத்திரம் வேண்டும். தமக்குச் சாப்பாடு வந்த பித்தளைத் தூக்குச்சட்டியையே கழுவி, காற்று வந்து போக இரண்டு ஓட்டை போட்டு, லேத் பட்டறை இரும்புச் சுருளை உள்ளே அடைத்து மாட்டிவிட்டார்.

அது அவர் மனைவி செல்லத்தாய்க்கு அண்ணன் வைத்த கல்யாணச் சீர். மேலே 'செல்லத்தாய்' என்று பேர் வெட்டியிருந்தது. செல்லத்தாய் வந்து பார்த்தார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

"நாலு ஏச்சு ஏசியிருந்தாக்கூடப் பரவால்ல சார்" என்று காசிமாயன் சோழவரம் வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார். எனக்கும் பாவமாக இருந்தது.

பரிசோதனை அதிகாரி இஞ்சினை முறுக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். தரை காய்ந்தே கிடந்தது. தூக்குச்சட்டியைத் தட்டி, அதிலிருந்த எழுத்தை வாசித்து, தாளில் எழுதிக் கொடுத்தார்.

பந்தயத்தில் கடைசிக்கு முந்தி வந்தோம், அதை விடுங்கள். ஊர் திரும்பியதும் நேராக அவர் வீட்டுக்குப் போனோம். செல்லத்தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. காசிமாயன் தாளை என் கையில் திணித்தார்.

"சத்தமா வாசிங்க சார்."

வாசித்தேன். "ஆயில் பிடிக்கும் பாத்திரம்: உண்டு. கசிவு: இல்லை. தயாரித்த கம்பெனி: செல்லத்தாய்."

முறம் நின்றது. புருஷன் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னொரு தடவ வாசிங்க சார்."