வெள்ளித் தண்ணி கேட்டு வந்தவர்

என் மனைவியைக் கொன்ற கிருமியை நான் பார்த்தபோது, அது ஆறின கஞ்சியின் மேல் படியும் ஆடையைப் போல வெளிர்மஞ்சளாக இருந்தது. பதுளைக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய காலம்.

அங்கே ஆராய்ச்சி செய்த மிஸ் யாழ்ப்பாணத்துப் பெண். புண்ணில் சீழ் வைக்கிற கிருமியை வட்டக் கண்ணாடித் தட்டுகளில் வளர்ப்பார். தேயிலைக் கொழுந்தை வேகவைத்து வடித்து, அந்தச் சாற்றை வெள்ளி உப்புக் கரைத்த தண்ணீரில் ஊற்றுவார். தண்ணீர் மஞ்சளாகி, மெல்லப் பால் விடாத பிளேன்டீ நிறத்துக்கு வரும். கண்ணுக்கு எட்டாத வெள்ளித் துகள்கள் அதில் உண்டாகிவிட்டன என்பார். கிருமி வளர்கிற தட்டில் சின்னக் குழி வெட்டி அதில் ஒரு சொட்டு விட்டு வைத்தால், மறுநாள் குழியைச் சுற்றி ஒரு வட்டம் துடைத்தாற்போலத் தெளிந்திருக்கும். அதற்குள் கிருமி ஒன்றும் இருக்காது.

அந்த வட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆறவில்லை. இன்னும் பெரிதாக வரவேண்டும் என்று இருக்கும். பரிசோதனை முடிந்த தட்டுகளை நீராவிப் பானையில் அவித்துக் கொட்டுவதும் என் வேலைதான். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

“அண்ணை, அவிக்கத் தந்த தட்டுகளோட என்ன கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்?” என்பார் மிஸ்.

“கதைக்கல மிஸ். சும்மா பாத்தேன்.”

“நீங்கள் முறைச்சுப் பாத்து அது சாகாது. அவியுங்கோ.”

பானையின் மூடியைத் திருகி இறுக்கும்போது என் கை சந்தோசப்பட்டது.

அதற்கு முன்பு நானும் மனைவியும் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். தொண்ணூறுகளின் கடைசி. செடிகளைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டிய மலையில் ஒரு கூரான தேயிலைக் கட்டை அவளுடைய பாதத்தில் ஏறியது. தோட்டத்து மருந்துக்காரரிடம் போனோம். அவர் டாக்டர் இல்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லாருக்கும் அவர் டொக்டரையாதான். ஊதா மருந்தைப் பூசிவிட்டு, “வேலைப் பெரட்டுக்குப் போகாம இருக்க ஒங்களுக்கு என்னென்ன நோவெல்லாம் வருது” என்று சிரித்தார். கால் வீங்கியது. பெரியாஸ்பத்திரிக்குப் போகத் துண்டுச் சீட்டு கேட்டு அவர் வாசலில் நின்றேன். “நாளைக்குப் பாப்போம், போடா” என்றார். மறுநாளும் அதையே சொன்னார்.

அவர் எழுதும் துண்டு இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கமாட்டார்கள் என்றுதான் லயமே நம்பியிருந்தது. துண்டு தோட்டத்து லொறியில் ஏற்றத்தான், ஆஸ்பத்திரியில் சேர்க்க அது வேண்டியதில்லை என்று பிறகுதான் அறிந்தேன். அவருக்கு அது தெரியும். ஒருநாளும் சொல்லவில்லை. கால் கறுத்த பிறகு துண்டு கிடைத்தது. வார்டில் நினைவு திரும்பாமலே அவள் செத்துப்போனாள். மூன்று வயது மகளை என் அக்கா வளர்த்தாள்.

இத்தனைக்கும் பிறகு அந்த டொக்டரையா ஆய்வுகூடத்துக்கு வந்தார். ஓய்வு பெற்று ஹாலிஎலையில் இருந்தாராம். சீனி வியாதி. ஒரு காலில் துணி சுற்றி, குடையை ஊன்றி நின்றார். துணியிலிருந்து வந்த வாடை எனக்குத் தெரிந்த வாடை.

“தம்பி, நீங்க நம்ம தோட்டத்து ஆளாமே. இங்க வெள்ளித் தண்ணி செய்றாங்களாம், எந்தப் புண்ணும் காயுமாம். ஒரு சின்னப் போத்தல் குடுங்க.”

அன்று போடா என்றவர் இன்று நீங்க என்றார். ஜன்னலோரம் கூட்டிப்போய், உள்ளே அடுக்கியிருந்த தட்டைக் காட்டினேன்.

“இந்தக் கிருமிதாங்க எம் பொஞ்சாதியக் கொன்னுச்சு. கட்ட ஏறின கால். துண்டுக்கு ஒங்க வாசல்ல நின்னேன்.”

கண்ணை இடுக்கி யோசித்தார். “எத்தனையோ பேரு வந்தாங்க தம்பி. எனக்கு நெனப்பு இல்ல. போத்தல் கெடைக்குமா?”

அவர் கும்பிடுவார், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார் என்று இரண்டுக்கும் வருடக்கணக்காகப் பேச்சை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நினைப்பே இல்லை என்பார் என்று எதிர்பார்க்கவே இல்லை.

சாறு கலக்காத வெள்ளி உப்புத் தண்ணீர் அலமாரியில் இருந்தது. தோலில் பட்டால் கறுக்கும், புண்ணில் பட்டால் எரிக்கும். அதையே வெள்ளித் தண்ணி என்று கொடுத்தால் கைகூப்பி வாங்கிக்கொண்டு போவார். உள்ளே போய்ப் போத்தலைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்போதுதான் வேறொன்று தோன்றியது. இவர் இப்படியே புண் முற்றிச் செத்துப்போனால், அவளை நினைக்காமலே போய்விடுவார். அப்படித் தப்ப விடக்கூடாது.

போத்தலைத் திரும்ப வைத்தேன். “அது இன்னும் மனுசருக்குக் குடுக்கிற மருந்து இல்லீங்க. வாங்க” என்று த்ரீவீல் வண்டியில் ஏற்றி, நானே பெரியாஸ்பத்திரியில் சேர்த்தேன். இரண்டு விரல்களை எடுத்துக் காலைக் காப்பாற்றினார்கள்.

அதன் பிறகு அவர் மருந்து கட்ட வரும் நாட்களில் நானும் போவேன். கடைக்காரரிடம்கூட வாய் திறந்து பேசத் தெரியாதவன், பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்வேன். எந்த லயம், எந்த மலை, எந்தக் கால், வாசலில் நின்றபோது என்ன மழை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு பெஞ்சுக்கு மாறினார். நானும் மாறினேன். “விட்டுருங்க தம்பி” என்று ஒருநாள் அழுதார். விடவில்லை.

ஒரு காலையில் மருந்து கட்டும் நர்ஸ், “இவர் உங்களுக்குச் சொந்தமா?” என்று அவரிடம் கேட்டார்.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “இவரு பொஞ்சாதி நான் துண்டு குடுக்காம செத்துப்போச்சு. மூணு வயசுப் புள்ள இருந்துச்சு.”

நர்ஸின் கை நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது இனித்தது. போதும் என்று மட்டும் தோன்றவில்லை. அடுத்த முறையும் போனேன்.