செபத்தின் மறுபாதி

ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் எங்கள் தெருவே என்னைப் பக்திக்காரி என்றது. சாயங்காலம் மாதா கோயில் மணி அடித்ததும் முழங்கால் போட்டு செபமாலையை ஆரம்பிப்பவள் நான்தான். பூட்டுப் பட்டறையிலிருந்து வந்த கணவர் கை கழுவி முடிப்பதற்குள் முதல் வரியைத் தொடங்கியிருப்பேன்.

பக்தியுமில்லை, ஒரு மண்ணுமில்லை. செபமாலையில் வரும் கர்த்தர் கற்பித்த செபத்தில் முதல் பாதியை ஆரம்பிப்பவர் சொல்வார், மறுபாதியை மற்றவர்கள் சொல்வார்கள். நமக்குத் தீமை செய்தவர்களை நாம் பொறுப்பதுபோல நம்மையும் பொறுக்கச் சொல்லிக் கேட்கும் வரி அந்த மறுபாதியில் இருக்கிறது. அதிலிருந்து தப்பிக்கத்தான் நான் தினமும் முந்திக்கொண்டேன்.

என் மூத்த பிள்ளை பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போனது. கல்லறைக்குத் தூக்கும் நேரத்தில், புருஷனை இழந்து எங்களோடு இருந்த, நான் மதினி என்று கூப்பிடும் நாத்தனார், ஊர் கேட்க, "புள்ளயப் பாத்துக்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் புள்ள?" என்றாள். அதற்குப் பிறகும் ஒரே அடுப்பில்தான் சமைத்தோம். ஆனால் நான் அவளைப் பொறுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மற்றவர்கள் கோயிலில் சிலுவைப்பாதை செபத்துக்குப் போய்விட்டார்கள். அவளுக்குக் கால்வலி, எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. மணி அடித்ததும் அவளே ஆரம்பித்தாள். தன் பாதியை முடித்து நிறுத்தினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"நீ ஏன் தெனமும் முந்திக்கிறேன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "காய்ச்சக்காரப் புள்ளய நாந்தான் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன், நீ அசந்து தூங்கையில. மழையில நனைஞ்சிருச்சு. தொடச்சு உம்பக்கத்துல போட்டுட்டேன். பழி எம்மேல வந்திருமேன்னுதான் உம்மேல போட்டேன்."

என் கோபம் குறையவில்லை, கூடியது. அறையக் கை துடித்தது. அவள் அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. வலிக்கும் காலோடு முழங்காலிலேயே இருந்தாள். இரண்டு வருடமாக, நான் ஆரம்பித்த ஒவ்வொரு நாளும், தன்னைப் பொறுக்கச் சொல்லிக் கேட்ட அந்த மறுபாதியை அவள் எப்படிச் சொன்னாளோ.

கட்டிய குரலில் மறுபாதியைச் சொன்னேன். மனம் ஒப்பிச் சொல்லவில்லை, சும்மா சொன்னேன். மறுநாளும் அவளையே ஆரம்பிக்கச் சொன்னேன். அது எந்த நாளில் மெய்யாயிற்று என்று எனக்கே தெரியாது.

அடுத்த பிள்ளை பிறந்தபோது எல்லாரும் சுற்றி நிற்க, அவள் மட்டும் வாசற்படியிலேயே நின்றாள்.

"வாங்கிக்கங்க மதினி," என்று பிள்ளையை நீட்டினேன்.