சட்டைப் பையில் ஒரு வால்வு மூடி

டயர் கடையில் வேலை பார்த்த அவருக்கு அங்கே வைத்திருந்த பெயர் 'பார்த்துப் போ'. கடையை விட்டுக் கிளம்பும் எந்த வண்டிக்காரரிடமும் அவர் அதைத்தான் சொல்வார். வீட்டில் அதைவிட மோசம். அடுப்பை அணைத்தாயா, கதவைப் பூட்டினாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மனைவியும் மகளும் எங்கே போனாலும், தெருமுனையைத் தாண்டுவதற்குள் போன் அடித்துவிடும். "பயப்படுறதுக்குச் சம்பளம் குடுத்தா நாம எப்பவோ மாடி வீடு கட்டியிருப்போம்" என்பாள் மனைவி.

அந்தப் பயம் சற்று ஓய்வது ஒரே ஒரு வேலையில்தான். டயரில் காற்று குறைந்ததைச் சொல்லும் மஞ்சள் விளக்கு எரிய எரிய யாராவது காரைக் கொண்டுவருவார்கள். நான்கு சக்கரத்திலும் காற்றைச் சரிசெய்துவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பொத்தானை அழுத்திப் பிடிப்பார். விளக்கு கண் சிமிட்டிவிட்டு அணையும். இனிமேல் இதுதான் சரியான காற்று என்று வண்டி எடுத்துக்கொள்ளும். எது சரி என்று அதற்குத் தானாகத் தெரியாது, சொல்லிக்கொடுத்ததை நம்பும். அதனாலேயே அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வால்வு மூடியைக் கழற்றினால் சட்டைப் பையில் போடுவார். காற்றடித்த பிறகு எடுத்து மாட்டுவார். பையில் மூடி இல்லையென்றால்தான் பொத்தானில் கை வைப்பார்.

அன்று காலை வந்தது மச்சினனின் கார். அடுத்த ஊரில் வேலைக்குச் சேரப் போகும் மகள் பின்சீட்டில், பக்கத்தில் மனைவி. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சீக்கிரம் மாமா. காத்தடிக்கிறீங்களா, டயர்கிட்ட நலம் விசாரிக்கிறீங்களா?" என்றான் மச்சினன்.

"நீ ஓட்டுற வேகத்துக்கு நலம் விசாரிச்சுதான் அனுப்பணும் மாப்ள."

மூன்று சக்கரங்கள் முடிந்தன. பின்பக்கம் இடது சக்கரத்தின் மூடியைக் கழற்றிப் பையில் போட்டபோது மகள் கண்ணாடியை இறக்கினாள். "அப்பா, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். அவ்வளவுதான். அவருக்குக் கண் நிறைந்தது. அவள் அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று விறுவிறுவென்று முன்பக்கம் போய்க் குனிந்தார்; குனிந்தவர் பொத்தானை அழுத்தினார். விளக்கு அணைந்தது.

"பார்த்துப் போ" என்றார். கார் போய்விட்டது.

கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிப் பைக்குள் கை விட்டார். விரலில் மூடி தட்டியது.

பின்பக்க இடது சக்கரத்துக்கு அவர் காற்றே அடிக்கவில்லை. மற்ற மூன்றிலும் காற்று ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் விளக்கை எரியவைத்ததே அந்தச் சக்கரம்தான். அந்தக் குறைந்த காற்றையே சரி என்று வண்டிக்குச் சொல்லிக்கொடுத்தது அவர் கை. நெடுஞ்சாலை வேகத்தில் டயர் சூடேறி வெடிக்கும் மட்டும் வண்டி வாய் திறக்காது.

மகளைப் போனில் அழைத்தார். அவள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வண்டியை நிறுத்தச் சொல்லும்மா. உடனே."

"பாருங்க, ஆரம்பிச்சாச்சு!" மகள் சிரித்தாள்.

"மாமா, விளக்குகூட எரியலையே. நீங்கதானே அணைச்சீங்க?" காற்றின் இரைச்சலுக்கு நடுவே மச்சினன் கத்தினான். "போன தடவை கேஸ் கசியுதுன்னு பாதி வழியில திருப்பினீங்க. வீட்ல போய்ப் பார்த்தா சிலிண்டரே காலி!"

மூவரும் சிரித்தார்கள். வாழ்நாள் முழுக்க ஓயாமல் எரிந்த விளக்கு அவர். எரிந்தால் ஒன்றுமில்லை என்று வீட்டார் எப்போதோ பழகிக்கொண்டுவிட்டார்கள். இனி எவ்வளவு கத்தினாலும் அது இன்னொரு சிலிண்டர்தான்.

அவர் கத்தவில்லை. மனைவியிடம் சொன்னார்: "மூடி ஒண்ணு என் பையில இருக்கு."

சிரிப்பில் ஒரு குரல் மட்டும் நின்றது. இத்தனை வருடம் அவர் சட்டையைத் துவைத்தவள் அவள். அந்தப் பையில் ஒரு முறைகூட மூடி கிடைத்ததில்லை.

"ஏங்க, பையிலயா இருக்கு?"

"பையிலதான். தப்புப் பண்ணிட்டேன்."

"டேய், வண்டியை ஓரங்கட்டுடா."

"அக்கா, நீயுமா? மாமாதான் சும்மா…"

"ஓரங்கட்டுடான்னா!"

இரைச்சல் மெல்லத் தேய்ந்தது. கதவு திறந்து மூடும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். கடை முதலாளியம்மா என்னவென்று கேட்டது அவருக்கு விளங்கவில்லை.

"மாமா…" மச்சினன் குரல் இறங்கியிருந்தது. "பின் டயர்ல கை வைக்க முடியல. கொதிக்குது. பக்கமெல்லாம் சப்பையாப் போயிருக்கு. ஆணி ஒண்ணு ஏறியிருக்கு மாமா."

"யாரும் வண்டிக்குள்ள உட்காராதீங்க. ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்க. வந்துட்டேன்."

முதலாளியம்மா ஸ்கூட்டர் சாவியை நீட்டினார். "நீ பார்த்துப் போப்பா" என்றார்.

போய்ச் சேர்ந்ததும் ஆணி ஏறிய டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டினார். அவசரத்தில் நட்டு இரண்டு முறை மண்ணில் விழுந்தது. மகள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். நான்கு சக்கரத்திலும் காற்றை அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தார். பையைத் தடவினார். கழற்றிய சக்கரத்தின் மூடி அங்கேயே இருந்தது. அதை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

விளக்கு சிமிட்டி அணைந்தது. அணைந்த விளக்கைப் பார்க்க அவருக்கு இப்போது இன்னும் பயமாக இருந்தது.

"போலாமா மாமா?"

"இருடா, இன்னொரு தடவை பார்த்துக்கறேன்" என்று கேஜை எடுத்துக்கொண்டு முதல் சக்கரத்துக்குப் போனார். யாரும் சிரிக்கவில்லை.