புளி போட்டு விளக்கிய காலணாக்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மொரப்பூர் வழியாக அரூர் பக்கம் போய்வந்தேன். தீர்த்தமலைக்கா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மலையடிவாரம் வரைதான், ஒரு டப்பா செம்புக் காசு பார்க்க என்றேன். சிரித்தார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து பழைய காசு சேர்க்கிற எனக்கு இந்தச் சிரிப்பெல்லாம் பழகிப்போனது.

கூப்பிட்டவன் முருகேசன். சேலத்தில் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். அவன் மனைவி மல்லிகாவின் அப்பா தை மாதம் காலமானார். "மச்சானுங்க ரெண்டு பேருக்கும் நிலம், கிணறு. இவளுக்கு ஒரு பிஸ்கட் டப்பாவுல கொஞ்சம் பழைய காசு. எங்கப்பாவுக்கு நான் அவ்வளவுதானான்னு தெனமும் கேக்குறாடா. நீ வந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லு" என்றான் போனில். கட்டாயம் வருகிறேன், அதுவரை காசைத் தொடாதீர்கள் என்று சொல்லி வைத்தேன்.

சேலத்தில் காலை எட்டரைக்கு ரயில் ஏறி ஒன்பதரைக்கு மொரப்பூரில் இறங்கினேன். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். விடுதி நாட்களில் வெள்ளிக்கிழமை தவறாமல் இதே பாதையில் முருகேசனோடு அவன் ஊருக்குப் போயிருக்கிறேன். ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்து காசு மாற்றிக்கொள்வோம். ஒரு விக்டோரியா ராணிக்கு இரண்டு ஜார்ஜ் மன்னர். பாலம் கடக்கும்போது ஒரு முறை கை நழுவி ராணி தண்ணீருக்குள் போய்விட்டாள். இரண்டு நாள் பேசாமல் இருந்தான். இந்தத் தடவை எதிர் சீட்டில் ஒரு பெண் லேப்டாப்பைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பழைய வெள்ளிக்கிழமைகள் வேண்டும் போல இருந்தது, வேறொன்றுமில்லை.

மொரப்பூரிலிருந்து அரூருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர். ஸ்டேஷன் அருகிலேயே பஸ் கிடைக்கும். அரூரிலிருந்து தீர்த்தமலை சாலையில் இன்னும் கொஞ்ச தூரம். அரூரில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆட்டோ எடுத்தேன், ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது ரூபாய் கேட்டு இருநூறுக்கு இறங்கி வந்தார். எதற்கு வந்தேன் என்று சொன்னதும் வண்டியின் வேகம் குறைந்தது.

"பழைய காசு ஒண்ணுக்கு லட்ச ரூவா தர்றாங்கன்னு போன்ல வருதுங்களே, நெசமாங்க? எங்க வூட்ல ரெண்டு கெடக்குது."

"முன்பணம் ஏதாச்சும் கேட்டாங்களா?"

"பதிவுக் கட்டணம் ரெண்டாயிரம்னாங்க."

"கட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"கட்டாதீங்க. வாங்கறவன்தான் பணம் தரணும், விக்கறவன் இல்ல."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் இறங்கும்போது பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

முருகேசன் வாசலிலேயே கட்டிப்பிடித்தான். மண்டையில் பாதி முடி இல்லை, குரல் மட்டும் அதே குரல். மல்லிகா மோர் கொடுத்துவிட்டு ஒரு தட்டைக் கொண்டுவந்து எதிரே வைத்தார். வாழையிலை விரித்து, அதன் மேல் வரிசையாகக் காலணாக்கள். எல்லாம் பளபளவென்று புதுக் குத்துவிளக்கு போல மின்னின.

"நீங்க பாக்க வர்றீங்கன்னு நேத்து சாயங்காலம் புளி, உப்பு போட்டு விளக்குனேனுங்கண்ணா. ஒரே கறுப்பா கெடந்துச்சு, உங்களுக்கு எப்பிடிக் காட்டறதுன்னு."

தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தேனே என்று நிமிர்ந்து பார்த்தேன். மல்லிகாவுக்குப் பின்னால் நின்ற முருகேசன் கையை விரித்தான். நேற்று அவன் தன் கடையை மூடிவிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டிருக்கிறது. விருந்தாளி வந்தால் செம்பு, பித்தளையை விளக்கி வைப்பதுதானே நம் வீட்டு மரியாதை?

இந்தக் காசுகளின் விலை எப்படி முடிவாகிறது என்று பலரும் என்னிடம் கேட்பதுண்டு. வயதை வைத்து அல்ல. நூறு வருடக் காசு பத்து, இருபது ரூபாய்க்கும் கிடைக்கும். எந்த வருடம், எந்த நாணயச் சாலை, அந்த வருடத்துக் காசு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எழுத்தும் மன்னர் முகமும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன, இவைதான் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே நிறம். காலம் போகப் போகச் செம்பின் மேல் ஒரு பழுப்புத் தோல் படியும். சேகரிப்பவன் அந்தத் தோலுக்குத்தான் காசு கொடுக்கிறான். புளி அதை ஒரே நிமிடத்தில் உரித்துவிடும், மறுபடி ஒட்டவைக்க முடியாது.

"எவ்வளவு போகும்ங்கண்ணா?" என்றார் மல்லிகா நேராக.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "விளக்காம இருந்திருந்தா கொஞ்சம் கூடக் கெடச்சிருக்கும்மா. இப்ப எல்லாம் சேர்த்து ஐந்நூறு, அறுநூறு."

"விளக்காம இருந்தா, அந்த நிலத்து அளவுக்கு வருமுங்களா?"

"நிலம் எங்கம்மா. அரைப் பவுனுக்குக்கூட வராது."

"அப்ப அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு டப்பா மூடியைத் தேட ஆரம்பித்தார். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

கை சும்மா இராமல், பழக்க தோஷத்தில் காசுகளை வருடப்படி அடுக்கத் தொடங்கினேன். 1912, 1913, 1914. பாதி அடுக்கியபோதுதான் உறைத்தது. ஒரு வருடம்கூட இரண்டு தடவை வரவில்லை. சும்மா போட்டு வைத்த டப்பா என்றால் ஒரே வருடம் ஐந்தாறு இருக்கும். இங்கே 1936 வரைக்கும் காலணா அடித்த வருடத்துக்கெல்லாம் ஒவ்வொன்று, அதுவும் முகம் தேயாதது.

"உங்கப்பா என்ன வேல பாத்தாரும்மா?"

"கல்யாணத்துக்கு முந்தி அரூர்ல மளிகைக் கடையில கல்லாவுல உக்காந்திருந்தாருங்க. அப்பறந்தான் வெவசாயம்."

"அப்ப கல்லாவுக்கு வந்த காச ஒவ்வொண்ணா பாத்து, நல்லதா பொறுக்கி, தன் காசப் போட்டு மாத்தி எடுத்திருக்காரு. வருசக்கணக்கா. இது மிச்சம் கெடந்த சில்லறை இல்லம்மா. எங்கள மாதிரி ஆளுதான் அவரும். இத யார்கிட்டயும் லேசுல குடுக்க மாட்டோம்."

மல்லிகா தட்டின் முன் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணனுங்க இந்த டப்பாவத் தொட்டா அடி விழும்ங்க" என்றார் பிறகு. "எனக்கு மட்டும் எடுத்துக் குடுத்து, இதுல என்ன போட்டிருக்குது படின்னுவாரு. நான் நம்பர் படிக்கக் கத்துக்கிட்டதே இதுலதானுங்க." இப்போது அழுதார். முருகேசன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

சாப்பாடு முடிந்து பார்த்தால் மல்லிகா கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி தட்டின் முன்னால் இருந்தார். "இந்த ராசாவுக்கு 12தான் மொத வருசங்களா?"

"இல்லம்மா, 1911. அந்த அச்சுல ராசா அங்கியில இருந்த யானை பன்னி மாதிரி இருக்குதுன்னு பேச்சு வந்து, மறு வருசமே மாத்திட்டாங்க. அது லேசுல கெடைக்காது."

"அப்பாவுக்குக் கெடைக்கலீங்க போல" என்றார். "எங்க தேடுனா கெடைக்கும்ங்கண்ணா?" விலை கேட்ட குரலே இல்லை அது. எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தீர்த்தமலை ஏறுவதென்றால் காலையிலேயே ஏறிவிடுங்கள். வெயிலும் குரங்கும் சேர்ந்தால் தாங்காது. திரும்ப மொரப்பூரில் எல்லா ரயிலும் நிற்காது, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். என் செலவு சாப்பாடு தவிர்த்து ஐந்நூறுக்குள். வீட்டில் பழைய காசு இருந்தால் துணியால்கூடத் துடைக்காதீர்கள், விற்றுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவனிடம் பேசவே பேசாதீர்கள்.

ஊர் திரும்பியதும் என் ஆல்பத்திலிருந்த 1911 காலணாவைப் பஞ்சில் சுற்றி மல்லிகாவுக்கு அனுப்பிவிட்டேன். நல்ல பழுப்பு நிறம், யானை தெளிவாகத் தெரியும். அதைப் பிடிக்க எனக்குப் பதினோரு வருடம் ஆனது. பக்கத்தைத் திறந்தால் முதல் கட்டம் காலி. இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது ஒன்று இருந்தால் எழுதுங்கள், எந்த ஊரானாலும் வருகிறேன். என்னை வரவேற்க எதையும் விளக்கி வைக்க வேண்டாம்.